மீதியை வகுப்பு சொல்லும்

எங்கள் ஊரில் கணக்கு டீச்சருக்கு முதலில் வேண்டியது தொண்டை. கணக்கெல்லாம் அப்புறம். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் என்ன வரும் என்று நாங்கள் கேட்பதில்லை. "சம் ஆஃப் த ஆங்கிள்ஸ் இஸ் ஹண்ட்ரட் அண்ட்..." என்று சொல்லிக் குரலைக் கொஞ்சம் ஏற்றி அப்படியே நிறுத்திவிடுவோம். "எய்ட்டி!" என்று வகுப்பு முழுக்கக் கத்தும். பாதியை டீச்சர் சொல்ல வேண்டும், மீதியை வகுப்பு சொல்லும். நான் படித்தபோது இப்படித்தான். பி.எட்.டில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களும் இப்படித்தான். நானும் பதினேழு வருஷம் இப்படித்தான் காலம் தள்ளினேன். ஒரு வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதை வராந்தாவில் போகிற பிரின்சிபல் இந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்.

பதினேழு வருஷம் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அதில் ஒரு வருஷம்கூட என்னுடையது இல்லை. திருவனந்தபுரத்துத் தனியார் பள்ளிக்கூடங்களில் என்னைப் போன்றவர்களுக்கு எல்லாமே ஒரு வருஷக் காண்ட்ராக்ட். மார்ச்சில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு ஜூனில் மறுபடியும் கூப்பிடுவார்கள். கூப்பிடாமலும் இருப்பார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் போன் அடித்தால் என் நெஞ்சும் அடிக்கும். எத்தனையோ ஏப்ரலை வலியசாலையில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் போனைப் பார்த்துக்கொண்டே கழித்திருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஜூனிலும் நான் டீச்சர்தான் என்று தெரிந்து ஒரு கோடை விடுமுறையாவது நிம்மதியாகத் தூங்க வேண்டும். உலகத்தில் பேராசை என்று இதைச் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் கணக்கு டீச்சர்களுக்குப் பஞ்சம் என்று ஸ்டாஃப் ரூமில்தான் கேள்விப்பட்டேன். நர்ஸுகளை அனுப்பி அனுப்பிக் கைதேர்ந்த ஊர் இது. இப்போது டீச்சர்களையும் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அங்கே எடுத்தால் நிரந்தர வேலை, கணவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். குழந்தைகள் இல்லாத எங்களுக்கு இங்கே கட்டிப் போட என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர் பழவங்காடியில் பூஜைச் சாமான் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் தட்டில் இருந்த தோசையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வயசுலயா? லண்டனுக்காக்கும்?"

"லண்டன் இல்லை. ஏதோ ஒரு ஊர். மழை பெய்யும்னு சொல்றா."

"இங்க பெய்யற மழை போறாதா உனக்கு?" என்றார். ஆனால் மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது இரண்டு மங்கிக் குல்லா வாங்கிக்கொண்டு வந்தார். அவர் சம்மதிக்கும் விதமே அப்படி.

பயிற்சி கழக்கூட்டத்தில், ஹைவேயை ஒட்டிய ஒரு கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. கீழ்த்தளத்தில் நர்ஸுகள் இங்கிலீஷ் படித்தார்கள், மாடியில் நாங்கள். எங்களுக்குச் சொல்லித் தந்தவர் இங்கிலாந்தில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு மலையாளி. நாங்கள் சார் என்று கூப்பிட்டோம். மெலிந்த மனிதர், சத்தமே போடமாட்டார். முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுந்து வந்து தனக்குப் பாடம் நடத்தச் சொன்னார். நான் வட்டத்தின் பரப்பளவு எடுத்தேன். பதினேழு வருஷத்துத் தொண்டையைத் திறந்து, "ஏரியா இஸ் ஈக்வல் டு பை ஆர்..." என்று நிறுத்தினேன். சார் சொல்லவில்லை. மறுபடியும் "பை ஆர்..." என்றேன். அவர் மிகவும் மரியாதையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இருந்த மற்ற டீச்சர்களால் பொறுக்க முடியவில்லை. "ஸ்குயர்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள்.

சார் சிரித்துவிட்டார். "டீச்சரே, இதை நாம மட்டும்தான் செய்யும். அங்க உள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது. நீங்க பாதியில நிறுத்தினா டீச்சர் என்னமோ மறந்துட்டாங்கன்னு நினைக்கும். வாக்கியத்தை முடிங்க. இல்லேன்னா கேள்வி கேளுங்க. கேட்டா, காத்திருங்க."

காத்திருப்பது என்றால் என்ன என்று அடுத்த வாரம் வீடியோ போட்டுக் காட்டினார். ஓர் இங்கிலாந்து வகுப்பு. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று டீச்சர் கேட்கிறாள். ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்கிறான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான், நம் பிள்ளைகளும் செய்வதுதான். நானாக இருந்தால் "ராங், நெக்ஸ்ட்" என்று அடுத்த பெஞ்சுக்குப் போயிருப்பேன், அவன் நின்றுகொண்டே இருப்பான். அந்த டீச்சர் ஐந்தில் இரண்டை அப்படியே போர்டில் எழுதினாள். யாருக்கு இது சரியென்று தோன்றுகிறது என்று கேட்டாள். பிறகு பேசாமல் நின்றாள். வகுப்பும் பேசவில்லை. என்னால் உட்கார முடியவில்லை, யாராவது சொல்லித் தொலையுங்களேன் என்றிருந்தது. கடைசியில் ஒரு பெண், ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவாயிற்றே, அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டாள். பீரியட் முழுக்க அதுதான் பாடம்.

அடுத்தது ஜப்பான். அங்கேயும் ஒரு பீரியடுக்கு ஒரே ஒரு கணக்கு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வழியில் போட்டுக்கொண்டிருக்க, டீச்சர் வாயைத் திறக்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கிறார். யார் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, யாரை முதலில் போர்டுக்குக் கூப்பிடுவது, யாரைக் கடைசியில் என்று தீர்மானிக்கிறார். தப்பாகப் போட்டவன்தான் முதலில் வருகிறான். அவனுக்கு அதில் அவமானம் எதுவும் இல்லை. போர்டில் எதையும் அழிப்பதில்லை. பீரியட் முடியும்போது தப்பிலிருந்து சரிக்கு வந்த வழி முழுக்க இடமிருந்து வலமாக அங்கே இருக்கிறது. நாங்கள் போர்டை ஒரு பீரியடில் எத்தனை தடவை அழிப்போம் என்று எனக்கே தெரியாது. எங்கள் புடவையும் சுடிதாரும் சாயங்காலம் சாக்பீஸ் பொடி நிறத்தில்தான் வீட்டுக்கு வரும்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைகூட இல்லை, கோபம். எங்களுக்கும் ஒரு பீரியடுக்கு ஒரு கணக்கு என்று கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? எங்களுக்குப் போர்ஷன் என்று ஒன்று இருக்கிறது. அதை முடித்தவள் நல்ல டீச்சர், முடிக்காதவள் கெட்ட டீச்சர். பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்பது அவரவர் டியூஷன் பாடு.

வீட்டில் பழகிப் பார்க்க அவரைத்தான் இங்கிலாந்துப் பையனாக உட்கார வைத்தேன். வேஷ்டியும் திருநீறுமாகப் பாயில் உட்கார்ந்துகொண்டு மிகவும் பொறுப்பாக நடித்தார். ஆனால் நான் பழக்கதோஷத்தில் எங்கேயாவது குரலை ஏற்றி நிறுத்திவிட்டால், அவர் வாய் தானாகத் திறந்து மீதியைச் சொல்லிவிடும்.

"நீங்க சொல்லப்படாது!"

"நீ நிறுத்தினா நான் என்ன பண்ணுவேன்? அது தன்னால வரதாக்கும்" என்றார்.

அவரும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானே. அவரை வைத்துப் பழகினால் உருப்படாது என்று புரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னுடைய எட்டாம் வகுப்பிலேயே முயற்சி செய்வது என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் வாக்கியங்களை நானே முடித்தேன். பிள்ளைகள் திணறிப் போனார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வகுப்பு முழுக்க "எய்ட்டி" என்று கத்துகிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உண்மையில் "எய்" என்று தொடங்குவது முன்பெஞ்சில் ஐந்தாறு பேர்தான். அதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் "ட்டி"யில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். யாருடைய சத்தம் மிகவும் பெரிதாகக் கேட்குமோ, அந்தப் பெண்ணுக்குப் பின்னம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. அந்தச் சத்தத்தை நம்பித்தானே நான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்!

ஆனாலும் நல்ல நாட்கள் அவை, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டுகிற அதே கணக்கைக் கொடுத்தேன். ஐந்தில் இரண்டு என்று வந்தது, எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அதை அப்படியே போர்டில் எழுதினேன். சரியா தப்பா என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் சொல்லுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலில் என் முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். முகத்தையும் திருப்பிக்கொண்டேன். மெதுவாக ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்தார்கள். மலையாளத்தில் ஒரே வாக்குவாதம். வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "மிஸ், இது ஹாஃபைவிடச் சின்னதல்லே?" என்றாள். அந்தக் கேள்வியை என் வாழ்க்கையில் முதல்தடவையாக என் வகுப்புப் பிள்ளை வாயிலிருந்து கேட்டேன். மணி அடித்துவிட்டது. மீதியை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாக வந்தேன்.

அன்று சாயங்காலமே பெற்றோர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. ஒரு பிள்ளையின் நோட்டு. அரை பிளஸ் மூன்றில் ஒன்று சமம் ஐந்தில் இரண்டு என்று மணிமணியான கையெழுத்தில், ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டு, விடையைச் சுற்றிக் கட்டமும் கட்டி எழுதியிருந்தது. கீழே அந்த அம்மா, கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவள், கேட்டிருந்தாள்: மேத்ஸ் மிஸ்ஸுக்கு ஃப்ராக்ஷன் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் இன்னொரு நோட்டு. பிறகு இன்னொன்று. எல்லா நோட்டிலும் அதே ஐந்தில் இரண்டு, அதே கட்டம்.

நான் யோசிக்கவே இல்லை. இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தப்பை போர்டில் எழுதலாம். அங்கே பிள்ளைகள் போர்டைப் பார்ப்பார்கள். எங்கள் பிள்ளைகள் போர்டை நகல் எடுப்பார்கள். போர்டில் டீச்சர் கையால் எழுதியது எதுவானாலும் அது சரி, அது நோட்டில் ஏற வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் சேர்ந்து பழக்கியது அது. வாதாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும்கூட வாயால் வாதாடிக்கொண்டே கையால் அதை எழுதி முடித்திருந்தார்கள்.

மறுநாள் பிரின்சிபல் கூப்பிட்டார். கெட்ட மனுஷி இல்லை, அவருக்கும் மேலே மேனேஜ்மெண்ட் இருக்கிறது.

"டீச்சரே, கொஞ்ச நாளா உங்க கிளாஸ்ல ஒச்சையே இல்லல்லோ, சத்தமே கேக்கல்லையே? நான் வராந்தாவுல நடந்தா ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

"யோசிக்க வைக்கிறேன், மேடம்."

"யோசிக்கட்டும், வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா பிள்ளைகளை யோசிக்க விட்டுட்டு நீங்க சும்மா நின்னா பேரன்ட்ஸுக்கு நான் என்ன பதில் சொல்லும்? உங்க போர்ஷனும் பின்னால கிடக்கு. போதும் டீச்சரே, பழைய மாதிரி எடுங்க."

பழைய மாதிரி எடுத்தேன். வேறு என்ன செய்வது? மீதிப் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடரக்கூட இல்லை. முதல் காரியமாக எல்லோரையும் நோட்டைத் திறந்து ஐந்தில் இரண்டை அடிக்கச் சொன்னேன். எல்.சி.எம். எடுக்கும் வழியை மடமடவென்று போட்டு, "ஃபைவ் பை..." என்றேன். "சிக்ஸ்!" என்றார்கள், நிம்மதியாக. ஹாஃபைவிடச் சின்னதல்லே என்று கேட்டவளும் சேர்ந்து சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

இதை ஞாயிற்றுக்கிழமை சாரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "யார் டீச்சரே உங்ககிட்ட இதை இங்க செய்யச் சொன்னது?" என்றார். "இதெல்லாம் போறதுக்குப் படிக்கிறது."

அன்றைக்குத்தான் அவர் தன் கதையையும் சொன்னார். இங்கிலாந்தில் பிள்ளைகளை யோசிக்க விடுவார்கள், உண்மை. ஆனால் வீடியோவில் காட்டுகிற வகுப்பு வேறு, அவருக்குக் கிடைத்த வகுப்பு வேறு. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாராம். பாதிப் பேர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொள்வார்களாம். வாய்ப்பாட்டில் ஏழெட்டு எத்தனை என்று தெரியாத பிள்ளையை என்னவென்று யோசிக்கச் சொல்வது? அந்த ஊர் டீச்சர்களே தாங்க முடியாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள், அதனால்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்றார். அவருக்கும் தாங்கவில்லை, திரும்பி வந்தார். வந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அதற்குள் அவருக்குப் பாதியில் நிறுத்துகிற வித்தை மறந்துபோயிருந்தது. வகுப்பில் ஒச்சை இல்லை என்று அவரையும் சொல்லியிருக்கிறார்கள்.

"அதனால இப்ப ஆள் அனுப்புறேன்" என்றார். சிரிக்கவில்லை. ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, கீழே நர்ஸுகள் ஏதோ ஒன்றைச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் மார்ச் வந்துகொண்டிருந்தது, என் காண்ட்ராக்ட் இனி நீளாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்த ஊர்ப் பிள்ளைகள் மேஜையில் தலையை வைத்துத் தூங்கினால் தூங்கட்டும், எனக்கு ஒரு ஜூன் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் பார்க்க விரும்பிய பள்ளிக்கூடம் ஒன்று அமைந்தது. அவர்களுடைய காலை, நமக்கு மத்தியானம். சாரின் மாடியறையில் லேப்டாப் முன்னால் நான், பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் போர்டு. அங்கே ஒரு வகுப்பில் பெரிய திரையில் நான் தெரிவேனாம். அவர்களுடைய கணக்குத் துறைத் தலைவி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், என்னைவிட வயதில் மிகவும் சின்னவள், சிரித்த முகம். பாடமும் அவர்களே சொன்னதுதான்: பின்னங்களைக் கூட்டுதல். அதைக் கேட்டபோது சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் தொடங்கினேன். அரையும் மூன்றில் ஒன்றும் எத்தனை? கண்ணாடி போட்ட ஒரு பெண் ஐந்தில் இரண்டு என்றாள். உலகம் முழுக்க ஒரே தப்பு, அதில் மட்டும் எல்லா தேசமும் ஒன்று. எப்படி வந்தது என்று கேட்டேன், சொன்னாள். போர்டில் எழுதினேன். யாருக்கு இது சரியென்று தோன்றுகிறது என்று கேட்டேன். பிறகு காத்திருந்தேன்.

யாரும் பேசவில்லை. நான் இன்னும் காத்திருந்தேன். திரையில் ஒருவரும் அசையவில்லை, நெட் போய்விட்டதா என்று சந்தேகம் வந்தது. இல்லை, ஒரு பையன் மூக்கைச் சொறிந்தான். என் போர்டில் ஐந்தில் இரண்டு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த நோட்டுகளும் கட்டங்களும்தான் ஞாபகம் வந்தன. இப்போது யாராவது அதைக் காப்பி பண்ணிக்கொண்டிருப்பார்கள் என்று பயம். அங்கே யார் கையிலும் பேனாகூட இல்லை, ஆனாலும் பயம். என் தொண்டை தானாகத் திறந்தது.

"ஸோ, வீ டேக் த எல்.சி.எம். எல்.சி.எம். ஆஃப் டூ அண்ட் த்ரீ இஸ்..."

குரல் மேலே போய் நின்றது. கையும் கூடவே மேலே போயிருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இஸ்..." என்றேன் மறுபடியும். கண்ணாடிப் பெண், பாவம், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓரத்தில் இருந்த தலைவியைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பக்கம் சாரின் உதடு அசைந்தது, அவராலும் முடியவில்லை. மூன்றாவது தடவையும் "இஸ்..." என்று சொல்லிவிட்டு, "சிக்ஸ்" என்று நானே முடித்தேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. ஐந்தில் இரண்டை அழித்தேன். ஒவ்வொரு வரியாக நானே கேட்டு நானே சொல்லி, ஆறில் ஐந்து என்று எழுதி, சுற்றிக் கட்டம் கட்டி, அவர்கள் கொடுத்த நேரத்தில் பாதியிலேயே பாடத்தை முடித்துவிட்டேன். தலைவி எழுந்து வந்து, மிகவும் தெளிவாக இருந்தது, நன்றி என்றாள். அந்தத் தெளிவு என்ற சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சார்தான் இரண்டு மூன்று நாள் கழித்துப் போன் செய்தார். "விளக்கம் பிரமாதம்னு சொல்றாங்க டீச்சரே. ஆனா யோசிச்சது முழுக்க டீச்சர்தான், பிள்ளைகளுக்கு ஒண்ணும் விட்டுவைக்கல்லைன்னு..." அவர் அங்கே நிறுத்தினார். நான் மீதியைச் சொல்லவில்லை.

அதே மார்ச்சில் பிரின்சிபல் நன்றி சொன்னார். ஜூனில் கூப்பிட மாட்டோம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் இந்தத் தடவை வாசல்வரை வந்து வழியனுப்பினார். பிள்ளைகளை யோசிக்க விட்டதற்காக இங்கே வேண்டாம் என்றார்கள், யோசிக்க விடாததற்காக அங்கே வேண்டாம் என்றார்கள். ஒரே ஆள்தான், ஒரே கணக்குதான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று தெரியாமல் நான் வீட்டில் அவரிடம் முட்டிக்கொண்டேன். ஒரு வாரம் அவர் என்ன சொன்னாலும் எரிந்து விழுந்தேன். அவர் பாட்டுக்குக் கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுதேன்.

"போறது விடு. இங்கயே ஏதாவது கிடைக்கும்" என்றார்.

கிடைத்தது. தம்பானூர் பக்கம் ஒரு என்ட்ரன்ஸ் கோச்சிங் சென்டர். நீண்ட ஹால், கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தது போல. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். காலரில் மைக் மாட்டிவிட்டார்கள். அங்கே என்னிடம் டிகிரியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு பீரியட் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். பாதியைச் சொல்லி நிறுத்தினேன், மீதியை நூறு தொண்டைகள் சேர்ந்து சொன்னபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்காது, அவன் முகம் மலர்ந்துபோனது. மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றான்.

அந்த மூன்று மாதம் முடிகிற சமயத்தில் ஒருநாள் எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. காலையிலிருந்தே எரிச்சல். ஹால் நிறைந்திருந்தது. எல்லோரும் எட்டாம் வகுப்பிலிருந்து ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய சூத்திரத்தை எடுத்தேன். "ஏ பிளஸ் பி, த ஹோல் ஸ்குயர்" என்றேன். வேண்டுமென்றேதான் நடுவில் இருக்கிற டூ ஏபியை விட்டுவிட்டேன். "இஸ் ஈக்வல் டு, ஏ ஸ்குயர் பிளஸ் பி..." என்று குரலை ஏற்றி நிறுத்தினேன்.

"ஸ்குயர்!"

நூறு பேரும். ஒரு குரல்கூடப் பிசகவில்லை. நான் அதை போர்டில் எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பி நின்று காத்திருந்தேன், வீடியோவில் அந்த இங்கிலாந்து டீச்சர் நின்ற மாதிரி, முகத்தில் எதையும் காட்டாமல். மூன்றையும் நான்கையும் போட்டுப் பார்த்தாலே போதும். ஏழின் வர்க்கம் நாற்பத்தொன்பது, இதன்படி வருவது இருபத்தைந்து. இவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் இன்ஜினியரிங் படிக்கப் போகிறவர்கள். ஒருவராவது கையைத் தூக்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பேனாக்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுதி முடித்தவர்கள் தலையைத் தூக்கி அடுத்த பாதிக்காக என்னைப் பார்த்தார்கள்.

"இது தப்பு" என்றேன் மைக்கில். "நடுவில் என்ன வரணும்? டூ..."

"ஏபி!" என்றார்கள், அதே உற்சாகத்தோடு. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள். எனக்கு உயிர் வந்தது.

"மிஸ், ரெண்டில் எதை எழுதிக்கணும்?"

டூ ஏபி இருக்கிறதை எழுதிக்கோ என்றேன். அவள் பழையதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டுப் புதியதை எழுதி, கட்டம் கட்டினாள்.

பீரியட் முடிந்து வெளியே வந்தபோது மேனேஜர் கதவருகே நின்றிருந்தான். முழுக்கக் கேட்டிருக்கிறான். "சூப்பர் கிளாஸ், டீச்சர். ரோடு வரைக்கும் கேட்டுது" என்று கையைக் குலுக்கினான். "மேலே பேசியாச்சு. இந்த மாசத்திலிருந்து நீங்க பர்மனென்ட். இனி மார்ச், ஜூன் ஒண்ணும் உங்களுக்குக் கிடையாது, ரிட்டயர் ஆகிறவரைக்கும் இங்கேதான்."

நன்றி சொன்னேன். தண்ணீர் குடித்தேன். அடுத்த பேட்ச் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. மைக்கைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய், குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றி ஆரம்பித்தேன்.